தொப்பி அணிந்த பெண்: வர்ணமும் முகமும்

1905 இலையுதிர்காலத்தில் பாரிஸ் கிராண்ட் பாலேயில் நடந்த கண்காட்சியில் ஹென்றி மத்தீஸ் தம் மனைவி அமெலியின் உருவப்படம் ஒன்றை வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த அறை ஓவியங்களைப் பற்றி எழுதுகையில் விமர்சகர் லூயி வொக்ஸெல் பயன்படுத்திய ‘காட்டு மிருகங்கள்’ என்ற சொல்லே ஃபாவிஸம் என்று நிலைத்தது. படத்தை ஸ்டைன் குடும்பத்தினர் 500 ஃபிராங்குக்கு வாங்கினார்கள்.

சிரிப்புக்குக் காரணம் முகம். நெற்றியிலும் மூக்கிலும் பச்சை. கழுத்தில் ஆரஞ்சு. பின்புலத்திலும் அதே வர்ணங்களின் திட்டுகள். பச்சை என்றால் பொறாமை, சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி வைத்துக்கொண்டு ஓவியம் பார்க்கிறவர்களுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. இம்ப்ரெஷனிஸ்டுகளும் நிழலில் பச்சையைக் கண்டார்கள். அது வெளிச்சம் தந்த பச்சை. மத்தீஸின் பச்சைக்கு வெளிச்சம் பொறுப்பல்ல. பக்கத்திலுள்ள சிவப்புக்குப் பதிலாக அது அங்கே நிற்கிறது. முகத்தில் கொதிக்கும் உணர்ச்சியில் அல்ல, படத்தின் முழு அமைப்பிலேயே வெளிப்பாடு இருக்கிறது என்று 1908இல் அவரே ஒரு கட்டுரையில் விளக்கினார்.

இது நவீன ஓவியத்துக்குக் கிடைத்த பெரிய விடுதலை. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு? அமெலி தொப்பி செய்கிறவர். 1899இல் அவர் திறந்த தொப்பிக் கடையின் வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. அவருடைய பெற்றோர் வேலை பார்த்த ஹம்பர்ட் குடும்பத்தின் மோசடி 1902இல் அம்பலமானபோது பெற்றோரின் பெயரும் வாழ்வும் சீர்குலைந்தன. இவ்வளவையும் கடந்து வந்த பெண்தான் கையுறையும் விசிறியுமாக அந்தப் படத்தில் அமர்ந்திருப்பது. வர்ணங்கள் இதில் எதையும் கதையாகச் சொல்வதில்லை. என்றாலும் கண்கள் மட்டும் வர்ணத்துக்குள் கரையாமல் நம்மைப் பார்க்கின்றன. 1905 படத்தின் பலம் இந்த இழுபறி என்றே நினைக்கிறேன்.

1913இல் மத்தீஸ் மீண்டும் அமெலியை வரைந்தார். நூறு தடவைக்கு மேல் உட்கார வைத்தார். முடிவில் உடை நீலம், முகம் சாம்பல் நிற முகமூடி. கண்கள் வெறும் இருட்டு. அந்தப் படம் தம்மை அழவைத்தது என்பதை அமெலி மறைக்கவில்லை. மத்தீஸும் அதை மறக்கவில்லை. 1939இல் இருவரும் பிரிந்தார்கள்.

1913 படம் இன்று ஹெர்மிடாஜில் இருக்கிறது. அமைப்பில் அது குறையற்றது. 1905இல் தொடங்கிய தர்க்கத்தின் முடிவு. அந்தத் தர்க்கத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உணர்ச்சி முழுவதும் அமைப்புக்குள் போய்விட்டது என்று சொல்லும்போது, அமைப்புக்கு வெளியே விழுந்த அந்தக் கண்ணீரையும் ஓவிய வரலாறு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.