வன்னிக் கடனாளியும் நாட்டுச் சட்டங்களும்

நந்திக்கடலோரத்திலே அமைந்த வற்றாப்பளை, கண்ணகை அம்மன் கோயிலாலும் வைகாசிப் பொங்கலாலும் ஈழமெங்கும் அறியப்பட்ட ஊராகும். வயலும் களப்புமே அவ்வூரவரின் சீவனோபாயம். இரண்டும் பருவத்தை நம்பியவை. காலபோக விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களிற் கடன்படாத கமக்காரன் அரியன். (வறுமையுற்றுக் காற்சிலம்பை விற்கப் புறப்பட்ட குடும்பத்தின் கதையன்றோ அவ்வூர்த் தெய்வத்தின் கதை!) கடன் கொடுப்போனை அரசு எவ்வளவுக்குக் கட்டுப்படுத்திற்று என்னும் வினா அம்மண்ணுக்குப் புறம்பானதன்று.

ஆங்கிலச் சட்டம் வருமுன்னரே தமிழர் கடனுக்கு வழமையொன்று இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை, ஒற்றியையும் அடைவையும் வட்டியையும் விரித்துரைக்கின்றது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் அதனை உறுதிப்படுத்தினர். ஒற்றியின் இயல்பு நோக்கற்பாலது. கடன் கொடுத்தவன் காணியை ஆண்டு, அதன் விளைவை வட்டிக்கு ஈடாகக் கொள்வான். காணியோ உடையவனுடையதாகவே நிற்கும். மீட்குங் காலமும் பயிரின் பருவத்துக்கேற்ப வேறுபடும். மழை பொய்த்த ஆண்டில் நட்டத்தைக் கடன் கொடுத்தவனும் ஏற்க நேர்ந்தது. பிற்காலத்து ஏற்பாடுகளிலே இச்சமன்பாட்டைக் காண்டல் அரிது.

புறோமிசரி நோட்டு பரவியபின் நிலைமை மாறிற்று. நூறு ரூபாவுக்கு நோட்டெழுதி, வட்டியை முற்படக் கழித்து எண்பதைக் கையிற் கொடுத்தல் எளிதாயிற்று. இதனைத் தடுக்க எழுந்ததே 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டம். உண்மையிற் கைமாறிய முதல், முற்படக் கழித்த தொகை, ஆண்டு வட்டி வீதம் ஆகிய மூன்றும் நோட்டிலே வெவ்வேறாக எழுதப்படல் வேண்டுமென அது விதித்தது. மிகை வட்டி வாங்கிய கொடிய கொடுக்கல்வாங்கலை மீளத் திறந்து ஆராயவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமளித்தது. எனினும் வழக்காடப் பொருளில்லாதவனுக்கு அவ்வதிகாரத்தாற் பயனென்னை?

1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடன் இணக்கச் சபையை அமைத்தது. வழக்கின்றி இருதிறத்தாரையும் இணக்குவதே அதன் பணி. மீட்டெழுதித் தரும் நிபந்தனையோடு முடித்த அறுதியுறுதிகளும் அதன் வரம்புட் சேர்க்கப்பட்டன. தவணை கடக்குமுன் விண்ணப்பித்தல் வேண்டும். சபையிருந்ததோ கொழும்பில், வற்றாப்பளையிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம்.

குடியேற்றத் திட்டங்களிலே காணி பெற்றோர் நிலை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரக் காணியைத் தன்னிச்சையாகக் கைமாற்றுவதைத் தடுத்தது. காணி தப்பியது; ஆயின் அதனை ஈடுவைத்துப் பிறரிடம் கடன்பெறும் வழியும் ஒடுங்கிற்று. நகையே ஈடாயிற்று. அடைவு பிடிப்போருக்கு 1942ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உத்தரவுப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது.

2009இற் போர் முடிந்து மீளக் குடியேறியோர் பலரிடம் அந்நகையும் இல்லை. ஈடு கேளாது, பெண்களைக் குழுவாக்கி ஒருவருக்கொருவர் பிணைநிற்கச் செய்து, வாரந்தோறும் அறவிடும் நுண்கடன் அப்பொழுது ஊருட் புகுந்தது. வாரத் தவணைக்கு வயலின் பருவம் தெரியாது. ஒரு கடனை அடைக்க வேறொரு கடன் எடுக்கப்பட்டது.

2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் கம்பனிகளுக்கே உரிமம் விதித்தது. கடன்மட்டும் கொடுத்தோர் அதன் பிடிக்குட் படவில்லை. வைப்பாளனைக் காத்த சட்டம் கடனாளியை மறந்தது என்பது மிகையாகாது. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களிலே, பெண்கள் பெற்றுத் தவணை தவறிய, 100,000 ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு பொறுப்பேற்றது. ஆண்டு வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் இடப்பட்டது. 2023இல் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வந்தன. கடனின் நிபந்தனைகளையும் கட்டணங்களையும் வெளிப்படையாக அறிவித்தலும், முறைப்பாட்டை விசாரித்தலும் நிறுவனத்தின் கடமையாயின. நோட்டின் முகத்திலே எழுதுக என 1918இற் கேட்கப்பட்டதே 105 ஆண்டுகளின் பின் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குட்பட்ட நிறுவனங்களிடம் மீளவும் கேட்கப்பட்டது.