தகடூர் நாட்டின் ஈமக்காடுகளும் நடுகற்களும்: ஒரு வாரிசுரிமைக் கோட்பாட்டுக்கு மறுப்பு

பெருங்கற்கால ஈமச்சின்னங்களின் அருகே நிறுத்தப்பட்ட குத்துக்கல்லே காலப்போக்கில் சுருங்கி, எழுத்துப் பெற்று, பிறகு உருவமும் பெற்று நடுகல் ஆயிற்று என்பது தமிழகத் தொல்லியலில் இன்று ஏறத்தாழ முடிந்த முடிபாக வழங்குகிறது. இதற்குத் தெளிவான வடிவம் தந்தவர் பேராசிரியர் கா. ராஜன். 2000ஆம் ஆண்டில் தென்னிந்திய நினைவுக்கற்கள் குறித்து ஆங்கிலத்தில் வெளியான அவருடைய நூலும் அதன் பின்வந்த கட்டுரைகளும் இந்தப் படிநிலையை வலியுறுத்துகின்றன. கற்குவையும் கற்பதுக்கையும் முதற்படி. அவற்றோடு நின்ற நெடுங்கல் இரண்டாவது. எழுத்துப் பொறித்த சிறுகல் மூன்றாவது. பல்லவர் காலத்து வீரன் உருவமுள்ள நடுகல் கடைசி. கொங்கு நாட்டையும் வைகைக் கரையையும் காலால் நடந்து அளந்தவர் ராஜன். அவருடைய களத்தரவுகள் இல்லாமல் இக்கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. ஆனால் அவர் போட்ட நேர்கோடு தருமபுரி வழியாகச் செல்லவில்லை என்பதே என் வாதம்.

தருமபுரியை மாவட்டம் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரியை இழந்தது. பழைய நூல்களில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று வரும் மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் இன்று கிருஷ்ணகிரிக்குச் சொந்தம். 1873இல் மாரிஸ் பிலிப்ஸ் என்ற பாதிரியார் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் சேலம் மாவட்டத்து ஈமக்குழிகளைப் பற்றி எழுதியபோது இவை எல்லாமே சேலம்தான். ஆகவே இங்கே தகடூர் நாடு என்னும் பழைய பெயரைப் பயன்படுத்தி, செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்து எல்லையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ராஜனின் கோட்பாட்டுக்குக் கிடைத்த பெரிய வலு 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த மூன்று தமிழ் பிராமி நடுகற்கள். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்தவனின் கல் என்று தன்னைச் சொல்கிறது. அவை சிதைந்த ஈமக்காடு ஒன்றின் பகுதியில் கிடைத்தன. குத்துக்கல்லுக்கும் பல்லவர் கால நடுகல்லுக்கும் இடையே காணாமல் போயிருந்த கண்ணி அகப்பட்டுவிட்டது என்று பலரும் மகிழ்ந்தார்கள். வைகைக் கரையைப் பொறுத்தவரை அந்த மகிழ்ச்சி நியாயமானது. அங்கே ஈமக்காடும் எழுத்துள்ள கல்லும் ஒரே நிலத்தில் சந்தித்திருக்கின்றன. ஆனால் சந்திப்பு என்பது வேறு, பிறப்பு என்பது வேறு. வைகைக் கரைக்குப் பொருந்துவதைத் தென்பெண்ணைக் கரைக்கும் அப்படியே நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

தகடூர்ப் பகுதியின் ஈமச்சின்னம் எப்படிப்பட்டது? பலகைக்கற்களை நான்கு புறமும் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றின் விளிம்பு மற்றொன்றைத் தாங்குமாறு அடுக்கி, ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை வெட்டி, மேலே மூடுகல் போட்டு, சுற்றிலும் கல்வட்டம் அமைத்த கற்பதுக்கை. உள்ளே கருப்பு-சிவப்புப் பானைகளும் இரும்புக் கருவிகளும் இருக்கும். எலும்புகள் பெரும்பாலும் முழு உடலாக இருப்பதில்லை. வேறெங்கோ வைத்திருந்து பிறகு பொறுக்கி எடுத்து இட்டவை அவை. ஒன்றுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் ஒரே பதுக்கையில் கலந்து கிடப்பதும் உண்டு. இவற்றைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்றும், பாண்டவர் தங்கியவை என்றும் ஊரார் சொல்வார்கள். இடுதுளையை வாசல் என்று எண்ணிய எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சின்னம் கூட்டத்துக்கு உரியது. உள்ளே கிடப்பவர் யார் என்று வெளியே நிற்பவருக்கு அது சொல்வதில்லை. தண்டராம்பட்டை அடுத்த மோட்டூரில் கல்வட்டத்துக்குள் நிற்கும் மனித வடிவப் பலகைக்கல் ஆளுயரத்தையும் விஞ்சியது. தோள்கள் உண்டு, முகம் இல்லை. அதைத் தாய்த்தெய்வம் என்பாரும் உண்டு, முன்னோர் வடிவம் என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது ஒரு தனி ஆளின் உருவம் அல்ல.

அடுத்து ஆண்டுக்கணக்கு. பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்வதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. அது வாழ்விடக் குழியில் கிடைத்த கரித்துண்டைக் கொண்டு சொன்னது. ஈமச்சின்னத்திலிருந்தே கிடைத்த கணக்கு வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியைப் பார்க்கலாம். அங்கே ஈமப்பேழையோடு இருந்த கரிக்கு கி.மு. 1692 என்று வந்திருக்கிறது. இவை தமிழரின் தொன்மைக்குச் சான்று என்று கொண்டாடப்பட்டன. நேர்கோட்டுக் கோட்பாட்டுக்கு இவை எவ்வளவு பெரிய சங்கடம் என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. ராஜன் எழுதிய நாளில் குத்துக்கல்லுக்கும் பல்லவர் கால நடுகல்லுக்கும் இடையே ஆயிரம் ஆண்டு, கொஞ்சம் கூடக்குறைய, என்று வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது ஈமக்காட்டின் தொடக்கம் பின்னுக்குப் போய்விட்டது. கோடு அறுபடாமல் வந்தது என்போர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதை இழுத்துக் காட்ட வேண்டும்.

தொடக்கம் முக்கியமில்லை, முடிவுதான் முக்கியம் என்று ராஜன் தரப்பினர் சொல்லலாம். சரியான மறுமொழிதான். கற்பதுக்கை கட்டும் வழக்கம் சங்க காலத்திலும் தொடர்ந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தகடூர் நாட்டில் அது எந்த நூற்றாண்டில் நின்றது என்பதற்கு உறுதியான காலக்கணிப்பு வெளியாகவில்லை. இந்தப் பகுதியில் எழுத்துள்ள நடுகற்கள் வட்டெழுத்தில்தான் பெருந்தொகையாகத் தொடங்குகின்றன. இரா. நாகசாமி 1970களில் பதிப்பித்த செங்கம், தருமபுரித் தொகுதிகளைப் புரட்டினால் சிங்கவிண்ண பருமன், மயிந்திர பருமன் என்று பல்லவப் பெயர்களே முன்னே வருகின்றன. தமிழ் பிராமி எழுதத் தெரியாத நாடு என்றும் இதைச் சொல்ல முடியாது. சம்பையில் 1981இல் கண்டெடுத்த கல்வெட்டில் சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி பாளி (குகை உறைவிடம்) கொடுத்த செய்தி தமிழ் பிராமியில்தான் இருக்கிறது. தகடூர்த் தலைவர்களிடம் எழுத்து இருந்தது, ஈமக்காடு இருந்தது. இரண்டையும் ஒரே கல்லில் சேர்த்த சான்றுதான் இங்கே இல்லை.

இனி ஒரு கல். தண்டராம்பட்டுப் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் உள்ள இக்கல் பலருக்கும் தெரிந்தது. ஆனால் அதில் உள்ள நாய்க்காகவே அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நாயின் அழகில் மயங்கி வாசகத்தின் கட்டுமானத்தைத் தவறவிட்டோம் என்று நினைக்கிறேன்.

கல்லில் வீரன் ஒருவன் நிற்கிறான், அவன் பின்னால் நாய். எழுத்து இரண்டு பகுதியாக இருக்கிறது. பெரிய பகுதி மயிந்திர பருமனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்குகிறது. பிறகு வாணகோ அரைசர், அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார், அவருடைய இளமகன் கருந்தேவக்கத்தி என்று மூன்று படியாக இறங்கி, அவன் தன் எருமைகளின் பக்கத்தில் பட்ட செய்தியைக் கூறி, ‘கல்’ என்று முடிகிறது. சிறிய பகுதி நாய்க்கு உரியது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்திருந்ததாம்.

இதில் மூன்று செய்திகள். முதலாவது, இறந்தவன் யார் என்பதை அவன் சேவித்த தலைமையின் வழியாகவே கல் அடையாளம் காட்டுகிறது. வாணர் தலைவனில் தொடங்கி அவனிடம் வந்து சேர்கிறது. கற்பதுக்கை இறந்தோரை ஒரு கூட்டத்துக்குள் சேர்த்து மறைக்கிறது. இந்தக் கல்லோ ஒருவனை அவன் கூட்டத்திலிருந்து பிரித்து, பெயர் சொல்லி, அரசியல் ஏணி ஒன்றில் ஏற்றி வைக்கிறது. ‘இளமகன்’ என்பதைப் படைவீரன், ஏவலாள் என்று கொண்டே இவ்வாறு வாதிடுகிறேன். அதை மகன் என்றே பொருள் கொண்டால் இந்த வாதத்தின் பாதி வலு போய்விடும். நாகசாமி தொகுதிக் கற்களில் இச்சொல் வரும் பல இடங்களில் ஏவல் உறவே பொருந்துகிறது. எனினும் ஐயத்துக்கு இடம் உண்டு.

இரண்டாவது, ஆண்டு. மகேந்திரவர்மன் ஆட்சிக்கு வந்தது கி.பி. 590 என்று கொண்டால் இக்கல் 623 அல்லது 624. 580 என்போர் கணக்கில் பத்தாண்டு முன்னே போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இக்கல்லைக் கொண்டு மட்டும் முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வீரன் ‘பட்டான்’ என்று எழுதியவர்கள் நாய் பட்டதாக எழுதவில்லை. காத்திருந்தது என்றே எழுதியிருக்கிறார்கள். பின்னால் அதுவும் செத்திருக்கலாம், அந்தக் கள்ளர்களின் கத்திக்கே இரையாகியிருக்கலாம். கல் அதைச் சொல்லவில்லை. இறந்ததாகச் சொல்லப்படாத ஓர் உயிருக்குப் பெயரும் உருவமும் தந்து, இறந்தவனோடு ஒரே பலகையில் நிறுத்திய சமூகம் அந்தப் பலகையைப் புதைகுழியின் தலைக்கல்லாக நினைத்திருக்குமா? நடந்த ஒரு செயலின் பதிவாகவே அது நிற்கிறது. கோழிச்சண்டைச் சேவல்களுக்காக அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் நட்ட கற்களை இதனோடு சேர்த்துப் பார்த்தால், அந்தச் சேவல்களைப் பதுக்கையில் இட்டார்கள் என்று வாதிட யாரும் முன்வரமாட்டார்கள். ஒற்றை நாயின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு, புலிமான்கோம்பையிலும் மூன்று கற்களின் மேல்தான் ஒரு நாட்டு வரலாறு ஏற்றப்பட்டது என்று சொல்லலாம்.

புலிமான்கோம்பைக் கல்லும் எடுத்தனூர்க் கல்லும் தம்மைக் ‘கல்’ என்றே சொல்லிக்கொள்வது தற்செயல் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு இடைவெளியில் அந்த வாய்பாடு நிலைத்திருக்கிறது. தொடர்ச்சி உண்டு. ஆனால் அது எழுதுபவனின் மரபில், ஆகோளைப் போற்றும் மரபில் உள்ள தொடர்ச்சி. புதைகுழி அதற்கு உடன்வரவில்லை.

சங்கப் பாட்டு என்ன சொல்கிறது? தகடூரின் மன்னனுக்கே வருவோம். புறநானூறு 231ஆம் பாட்டு, கொளுவின்படி, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஈமத்தீயைப் பார்த்து ஔவையார் பாடியது. அடுத்த பாட்டில் அவனுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டி, சிறுகலத்தில் நாரால் அரித்த கள்ளை ஊற்றுகிறார்கள். எரித்தார்கள், பிறகு கல் நட்டார்கள். இடையே பதுக்கை வரவில்லை. எரித்த எலும்பைப் பொறுக்கிப் பதுக்கையில் இட்டிருக்கலாமே என்று கேட்கலாம். இருக்கலாம்தான். ஆனால் பாட்டில் இல்லாததை நுழைக்க வேண்டிய பொறுப்பு அவ்வாறு கேட்பவருடையது.

எனக்கு எதிரான சான்றையும் இங்கேயே வைக்கிறேன். புறநானூறு 264இல் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடும் வீரனுக்குப் பதுக்கையும் உண்டு, பெயர் பொறித்த கல்லும் உண்டு, பீலியும் உண்டு. ராஜன் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. இந்தப் பாட்டை விலக்க என்னிடம் வழியில்லை, விலக்கவும் விரும்பவில்லை. பாடியவர் உறையூர்க்காரர், பாட்டில் ஊர்ப்பெயர் இல்லை, அதைத் தகடூரின் வழக்கமாகக் கொள்ளக் காரணமும் இல்லை என்பது மட்டுமே என் பதில். கல்நாட்டுச் சடங்கைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு நிலையாக வகுக்கும் தொல்காப்பியம் எந்த நிலைக்கும் உடலை இடுவதைப் பெயராக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கல்லைத் தேர்வதும் நீராட்டுவதும் நடுவதும்தான் அங்கே சடங்கு. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை பிணத்தை அகற்றும் ஐந்து முறைகளை அடுக்கும் இடத்தில் நடுகல் அவற்றுள் ஒன்றாக வராததும் இதற்குப் பொருந்துகிறது.

இடம் பற்றியும் ஒரு சொல். தகடூர் நாட்டுக் கற்பதுக்கைகள் குன்றின் அடிவாரத்திலும் பாறைத் திட்டிலும் உழவுக்கு ஆகாத மேட்டிலும் கூட்டமாக இருக்கின்றன. நடுகற்கள் பலவும் ஏரிக்கரையிலும் வழியோரத்திலும் வயல் நடுவிலும் வேடியப்பன் என்னும் சாமியாக நின்று இன்றும் படையல் பெறுகின்றன. சில வேடியப்பன் கோயில்கள் பழைய கல்வட்டங்களை ஒட்டி இருப்பதை எடுத்துக்காட்டி, இதோ தொடர்ச்சி என்கிறார்கள். எனக்கு வேறு விளக்கம் தோன்றுகிறது. நடுகல்லுக்கு வேண்டியது மெல்லிய, அகலமான, ஓரளவு சமமான பலகைக்கல். ஏழாம் நூற்றாண்டுக் கல்தச்சனுக்கு அத்தகைய கல் உளி படாமலே கிடைக்கும் இடம் சிதைந்த கற்பதுக்கைதான். பதுக்கைப் பலகையை எடுத்து அதன் மேல் வீரனைச் செதுக்கியிருந்தால் இரண்டும் அருகருகே கிடப்பதில் வியப்பில்லை. இது ஊகம்தான். இதைச் சோதிக்க முடியும் என்பதே இதன் சிறப்பு. பலகையின் பின்புறத்தில் இடுதுளையின் விளிம்பு வெட்டுப்பட்டு எஞ்சியிருக்கிறதா, புதைந்த அடிப்பகுதியில் பழைய மண்கறை இரண்டு வேறு உயரங்களில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் கற்களின் முன்பக்கத்தைத்தான் எல்லோரும் படம் பிடித்திருக்கிறார்கள். முதுகுப்புறம் வெளியான படங்கள் அரிது.

அந்தக் கற்கள் வைப்பகத்துக்கு வந்ததால் காப்பாற்றப்பட்டன. அதனாலேயே அவை நின்ற மண் கைவிட்டுப் போயிற்று. பெயர்த்த குழியை அளந்து, அடியில் எலும்போ கரியோ இருந்ததா என்று பதிந்த குறிப்புகள் இருந்தால் இந்த வழக்கு என்றோ தீர்ந்திருக்கும். இடத்தில் நிற்பவையோ சாமி. வேடியப்பனின் காலடியைத் தோண்டிப் பார்க்க எந்த ஊரும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் வேண்டியதில்லை. ஆகவே இப்போதைக்கு நம்பத்தக்க வழி மறுபக்கத்திலிருந்து வருவதுதான். மோதூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்ததைப் போல இன்னொரு முறை, ஆனால் பழமையான குழியைத் தேடாமல், தகடூர் நாட்டின் மிகப் பிந்திய கற்பதுக்கையைத் தேடி அகழ வேண்டும். அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டோடு நின்றிருந்தால் என் இடைவெளி நிற்கும். ஐந்தாம் நூற்றாண்டுக் கரி ஒன்று அதில் கிடைத்தால், ராஜனின் கோட்டைத் தகடூர் வழியாக வரைய நானே கைகொடுப்பேன்.