நீரமானியிலிருந்து மென்பொருள் வரை: வீட்டில் பியர் காய்ச்சுவோரின் கணக்கேடு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் ஒல்ரன் என்ற சிற்றூரில், பியர் தயாரிப்பாளர் ஒருவரின் மகன் தந்தையாருக்குத் தெரியாமல் ஒரு வெப்பமானியை மறைத்து வைத்துப் பயன்படுத்தி வந்தார். ஜேம்ஸ் பேவர்ஸ்டொக் என்பது அவரது பெயர். புதிய பரிசோதனைகள் என்றாலே தந்தையாருக்கு ஆகாது. நீரின் சூட்டை விரலால் தொட்டும், ஆவி விலகும்போது நீரின் மேற்பரப்பில் தமது முகம் தெரிகின்றதா என்று பார்த்தும் பக்குவத்தை அறிந்துகொண்ட தலைமுறை அது. சிறிது காலத்தின் பின்னர் பேவர்ஸ்டொக் ஒரு நீரமானியையும் வாங்கினார். லண்டனின் பெரும் பியர் உற்பத்தியாளரான சாமுவேல் விற்பிரெட்டிடம் அதனைக் கொண்டுபோய்க் காட்டியபோது, இத்தகைய கனவுகளை விடுத்து ஊருக்குப் போய்த் தொழிலைப் பார்க்கும்படி அவர் புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். மற்றொரு பெரும் உற்பத்தியாளரான ஹென்றி திறேல்தான் அந்தக் கருவியின் அருமையை உணர்ந்து இளைஞரை ஆதரித்தார்.

வீட்டில் பியர் காய்ச்சுவோர் எந்த மென்பொருளைத் தெரிவு செய்யலாம் என்று எழுதப் புகுந்தவன் இந்தப் பழங்கதையை ஏன் இழுக்கிறான் என வாசகர்கள் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. இன்று கணினித் திரையில் வரிசையாகத் தோன்றும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பும், அந்தப் பிறப்பின் பின்னால் ஒருவருடைய நலனும் இருந்திருக்கின்றன. அதனை அறியாமல் செய்யும் தெரிவு, திரையின் நிறத்தைப் பார்த்துச் செய்யும் தெரிவாகவே முடியும்.

நீரமானி செய்யும் வேலை எளியது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள மாச்சத்து சீனியாக மாறி நீரில் கரைகின்றது. சாறு நீரைவிடப் பாரமாகின்றது. நீரின் தன்னீர்ப்பு 1.000 என்றால் சாதாரண பியருக்கான சாறு 1.050 அளவில் நிற்கும். மதுவம் அந்தச் சீனியை உண்டு மதுசாரமாக்கியதும் அது 1.010 அளவுக்கு இறங்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஏறத்தாழ 131ஆல் பெருக்கினால் மதுசார வீதம் கிடைக்கும். இங்கே அது 5.2 வீதத்தை அண்டியது. இன்றைய மென்பொருள்கள் அனைத்தும் இந்தக் கணக்கின் மேல் கட்டப்பட்டவையே.

1784ஆம் ஆண்டு ஹல் நகரத்தைச் சேர்ந்த ஜோன் றிச்சட்சன், சக்கரோமீற்றர் எனத் தாம் அழைத்த நீரமானியைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதன் விளைவு வேடிக்கையானது. லண்டன் தொழிலாளர்கள் விரும்பிக் குடித்த போர்ட்டர் என்ற கருநிறப் பியர், பழுப்பு மோல்ட்டிலிருந்து செய்யப்பட்டு வந்தது. விலை குறைந்த பழுப்பு மோல்ட்டே இலாபகரமானது என்று எல்லோரும் நம்பியிருந்தனர். அளந்து பார்த்தபோது, கொடுக்கும் பணத்துக்கு வெளிறிய மோல்ட்டே கூடுதலான சீனியைத் தருகின்றது என்பது தெரியவந்தது. உற்பத்தியாளர்கள் படிப்படியாக வெளிறிய மோல்ட்டுக்கு மாறினர். பெயர் போர்ட்டராகவே இருந்தது. உள்ளே இருந்த பியர் வேறாகிவிட்டது. இழந்த கருநிறத்தை ஈடுசெய்ய வேறு வழிகளைத் தேட வேண்டியதாயிற்று. 1817இல் டானியல் வீலர் என்பவர், மோல்ட்டைக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அளக்க வந்த கருவி அளக்கப்பட்ட பொருளையே மாற்றிவிட்ட இந்த நிகழ்வை, மென்பொருள் பற்றிப் பேசும்போது நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

அடுத்து அந்த எண்ணைக் கைப்பற்றியது அரசு. 1880ஆம் ஆண்டு கிளாட்ஸ்ரன் மோல்ட்டின் மீதான வரியை ஒழித்து, சாற்றின் தன்னீர்ப்பின் மீது வரி விதித்தார். அன்றுதொட்டு நீரமானி மதுவரி அதிகாரியின் கைக்கருவியுமாயிற்று. அதே சட்டத்தின்கீழ் வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெற வேண்டியவர்களாயினர். 83 ஆண்டுகளுக்குப் பின்னர், 1963இன் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். பிரித்தானிய வீடுகளில் இந்தப் பொழுதுபோக்கு மீண்டும் தழைத்தது அதன் பின்னர்தான்.

ஐக்கிய அமெரிக்காவின் கதை இன்னும் நீண்டது. மதுவிலக்கு 1933இல் முடிவுக்கு வந்தபோது வீட்டில் வைன் செய்ய வழி விடப்பட்டது, பியருக்கு விடப்படவில்லை. 1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் ஒப்பமிட்ட சட்டம், 1979 பெப்ரவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. வயதுவந்தவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கலன், ஒரு வீட்டுக்கு 200 கலன் என்பது எல்லை. மாநிலங்கள் அனைத்தும் இணங்குவதற்கு 2013 வரை சென்றது. அலபாமாவும் மிசிசிப்பியும் கடைசியாக வந்தவை. 1979இலேயே விசிகல்க் என்ற முதலாவது கணினி விரிதாளும் விற்பனைக்கு வந்தது. இது தற்செயலே. ஆயினும் பின்னாளில் இந்தப் பொழுதுபோக்காளர் பலரின் முதல் மென்பொருள், தாமே விரிதாளில் அமைத்துக்கொண்ட கணக்குத்தாளாகவே இருந்தது.

தன்னீர்ப்பு அளக்கக்கூடியது. கசப்பு அப்படியன்று. ஹொப்ஸ் பூக்களின் ஆல்பா அமிலம் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றது. அதனைத் துல்லியமாக அறிய ஆய்வுகூடம் வேண்டும். வீட்டில் காய்ச்சுவோரிடம் அது இல்லாமையால் 1990களில் ஜக்கி ரேகர், மார்க் கரெட்ஸ், கிளென் ரின்செத் ஆகியோர் ஆளுக்கொரு சூத்திரத்தை வகுத்தனர். 20 லீற்றர் சாறு, தன்னீர்ப்பு 1.050, ஆல்பா அமிலம் 5 வீதமுள்ள ஹொப்ஸ் 30 கிராம், கொதிநேரம் 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ரின்செத்தின் சூத்திரம் ஏறத்தாழ 17 கசப்பு அலகுகள் என்கிறது. ரேகரின் சூத்திரம் 23 என்கிறது. பானையில் கொதிப்பது ஒன்றே. மென்பொருளுக்கு மென்பொருள் விடை மாறும்போது, எது பிழை என்று பலர் குழம்புகின்றனர். இரண்டும் மதிப்பீடுகளே. ஆகவே எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதனை மாற்றவும் விடுகின்ற மென்பொருளையே நான் நம்பத் தகுந்தது என்பேன். சூத்திரத்தை மறைத்துவிட்டுத் தசமதானத்தில் விடை தருவது, செய்தி மூலத்தைச் சொல்லாமல் அடித்துச் சொல்லும் நிருபரின் வேலை போன்றது.

காய்ச்சும் நாளில் மிகவும் கைகொடுக்கும் எண் வேறொன்று: விளைதிறன். ஒரு கிலோகிராம் வெளிறிய மோல்ட், ஆய்வுகூடத்தில், ஒரு லீற்றர் சாற்றில் ஏறத்தாழ 300 புள்ளிகளைத் தரவல்லது. வீட்டுப் பானையில் அதன் முக்காற்பங்கு கிடைத்தால், 4 கிலோகிராமிலிருந்து 900 புள்ளி. 20 லீற்றருக்குப் பங்கிட்டால் 1.045. ஆனால் அந்த முக்காற்பங்கு மென்பொருளை எழுதியவர் வைத்த ஊகம். நம்முடைய பானை, நம்முடைய வடி, நம்முடைய அடுப்பு தருவது 65 வீதமாகவும் இருக்கலாம். எனவே ஒருவர் தமது பாத்திரங்களின் அளவையும் ஆவியாகும் நீரின் அளவையும் தாமே பதிந்துகொள்ள வசதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே தடவை காய்ச்சிவிட்டு அந்த எண்ணை மாற்றிவிடவும் கூடாது. டப்ளின் கினஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கொஸெற், மிகச் சில மாதிரிகளைக் கொண்டு எவ்வளவு தூரம் முடிவுக்கு வரலாம் என்ற இதே சங்கடத்தை ஆராய்ந்துதான் 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இன்று மருந்து ஆராய்ச்சியிலும் பயன்படும் அந்தச் சோதனை, பியர் ஆலை ஒன்றில் பிறந்தது.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். 1990களின் இறுதியில் புரோமாஷ் பலராலும் விரும்பப்பட்டது. பின்னர் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. 2003ஆம் ஆண்டளவில் வந்த பியர்ஸ்மித் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அது கணினியில் நிறுவிக்கொள்வது. வசதிகள் மிகுதி, பழகுவதற்கு நாளெடுக்கும். புரூஃபாதர் இணையத்திலும் கைபேசியிலும் இயங்குவது; காய்ச்சும் நாளில் நேரத்தை எண்ணி அடுத்த வேலையை நினைவூட்டுவதில் கெட்டிக்காரன். முழுப் பயனுக்குச் சந்தா கட்ட வேண்டும். புரூடார்கெட் இலவசமான திறந்த மூல மென்பொருள். அழகு குறைவு, ஆனால் உள்ளே என்ன நடக்கின்றதென்று எவரும் திறந்து பார்க்கலாம்.

இவற்றுள் எதை எடுத்தாலும், குறிப்புகளை வெளியே எடுத்துச்செல்ல வழியுண்டா என்பதே எனது முதற் கேள்வியாக இருக்கும். சமையற் குறிப்புகளை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கு பியர்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் உருவாக்கப்பட்டதே இந்தத் தேவையினால்தான். பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகள் தட்டச்சுச் செய்த எங்கள் பத்திரிகைத் தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யுனிகோட் வந்தபின் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரிகின்றது. மாற்றி ஒன்று கையில் இருந்தால்தான் தமிழ் திரும்பி வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல மென்பொருள்கள் பியர் வகை ஒவ்வொன்றுக்கும் நிறம், கசப்பு, மதுசாரம் ஆகியவற்றின் எல்லைகளைப் பட்டையாக வரைந்து, நமது குறிப்பு அதற்குள் விழுகின்றதா என்று காட்டுகின்றன. அந்த எல்லைகளுட் பல, 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் போட்டிகளுக்காக வகுத்தவை. போட்டிக்கு அனுப்புபவருக்கு அவை வேண்டியவையே. தமக்கும் நண்பருக்குமாகக் காய்ச்சுபவர் பட்டைக்குள் நிற்பதற்காகக் கருமோல்ட்டில் 50 கிராமைக் குறைப்பது, றிச்சட்சனின் நீரமானி போர்ட்டருக்குச் செய்ததையே ஒரு வீட்டுப் பானைக்குச் செய்வதாகும். அந்தப் பட்டையை அணைத்துவிட வழியிருந்தால் அணைத்துவிடலாம்.

திறேலின் நிறுவனம் அவர் இறந்த பின்னர் 1781இல் விற்கப்பட்டு பார்க்லி பெர்க்கின்ஸ் எனப் பெயர் பெற்றது. அதன் காய்ச்சற் குறிப்பேடுகளும், நீரமானியை வேண்டாமென்ற விற்பிரெட்டின் நிறுவனம் பின்னர் எழுதிவைத்த குறிப்பேடுகளும், லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மோல்ட்டின் அளவு, ஹொப்ஸின் நிறை, நீரின் சூடு, தன்னீர்ப்பு என எல்லாம் கையெழுத்தில் வரிசையாக உள்ளன. 1970களில் டர்டன் பார்க் பியர் வட்டம் என்ற பொழுதுபோக்காளர் குழுவினர், பழைய ஆலைகளின் இத்தகைய பதிவுகளைத் தேடிப்பிடித்து, மறைந்துபோன பியர்களைத் தமது வீடுகளில் மீண்டும் காய்ச்சிப் பார்த்தனர். நூற்றுக்கணக்கான பீப்பாய்களுக்கு எழுதப்பட்ட அளவுகளை ஒரு கலனுக்கு ஏற்பச் சுருக்கி ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டனர். அந்தக் கணக்கைச் செய்து கொடுக்க அன்று எந்த மென்பொருளும் இருக்கவில்லை.