பழைய பிக்கப்பின் எரிபொருள் கணக்கு

1947 முதல் 1955 தொடக்கம் வரை ஷெவர்லே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற 3100 வகை அரை டன் பிக்கப்பை இன்று மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓட்டினால், அதன் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,070 முறை சுழல வேண்டியிருக்கும். கிரவுன் பினியனின் பல்விகிதம் 4.11, டயரின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம், கியர்பாக்ஸின் மேல் கியர் நேரடிக் கியர் என்பதால் வரும் கணக்கு இது. பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் போய்வரச் செய்த வண்டி அது. பழைய பிக்கப் பெட்ரோல் குடிக்கிறது என்றால் இன்ஜினின் வயதைக் குறை சொல்வதே வழக்கம். அதன் வரலாற்றைப் பார்த்தால், சாலைக்கும் கியருக்கும் அதில் இருந்த பங்கு இன்ஜினின் பங்குக்குக் குறைந்ததல்ல.

தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வெளிவந்த முதல் ஃபோர்டு 1925இல் வந்தது. மாடல் டி காரின் பின்புறத்தில் இரும்புப் பெட்டி பொருத்திய அந்த வண்டியின் விலை 281 டாலர், இன்ஜின் 20 குதிரைத்திறன். வாங்கியவர்களில் பெரும்பாலோர் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும். அவர்களுக்கு வேண்டியிருந்தது வேகம் அல்ல, சேற்றில் சுமையோடு கிளம்பும் இழுவை. எனவே பிக்கப்புக்குக் குறைந்த சுழற்சியில் இழுக்கும் இன்ஜினும் அதிகப் பல்விகிதக் கிரவுன் பினியனும் வாய்த்தன.

இன்ஜின் விஷயத்தில் இரு பெரும் நிறுவனங்களும் வெவ்வேறு வழியில் போயின. ஷெவர்லே 1929இல் நான்கு சிலிண்டரைக் கைவிட்டு, வால்வுகள் மேலே அமைந்த ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்தது. ஃபோர்டு 1932இல் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன் வி-8 இன்ஜினைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொடுத்தது. ஃபோர்டின் வி-8 உற்சாகமாக ஓடும், ஆனால் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் எரியறை நீண்டு பரந்திருந்தது. அழுத்த விகிதத்தை உயர்த்த இடமில்லை. சூடான புகை வெளியேறும் வழியும் பிளாக்கின் ஊடாகவே சென்றதால் வெப்பத்தின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கு வீணாகப் போயிற்று. எரிபொருள் கணக்கில் ஷெவர்லேயின் அமைப்பே மேலானது. ஃபோர்டு தன் பிக்கப்புக்கு மேல்வால்வு ஆறு சிலிண்டரை 1952இலும் மேல்வால்வு வி-8ஐ 1954இலும்தான் கொடுத்தது.

ஷெவர்லேயின் 216 கன அங்குல ஆறு சிலிண்டருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகத்தை ஊற்றிச் செய்யப்பட்டவை. ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி எண்ணெய்த் தொட்டியில் முங்கி எடுத்துக்கொள்வதே அவற்றுக்குக் கிடைக்கும் எண்ணெய். கிராமத்துச் சாலையில் இது பல ஆண்டுகள் தாங்கியது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக 3,000 சுழற்சிக்கு மேல் ஓடும்போது ஆபத்தானது. 1954 முதல் 235 கன அங்குல இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கும் பம்ப் மூலம் எண்ணெய் அழுத்தத்தோடு போனது. 216ஐக் கழற்றிவிட்டு பிற்கால 235ஐ வைப்பது பழைய ஷெவர்லே பிக்கப்புகளில் இன்றுவரை அதிகம் நடக்கும் மாற்றங்களில் ஒன்று. தோற்றம் ஏறக்குறைய அதேதான், வண்டியின் குணமும் கெடுவதில்லை.

1956இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் ஏறத்தாழ 66,000 கி.மீ. நீளத்துக்குத் தடையற்ற சாலைகளைத் திட்டமிட்டது. அந்தச் சாலைகள் வர வர, பண்ணை வண்டி காரோடு சேர்ந்து ஓட வேண்டியதாயிற்று. 1955இல் வந்த ஷெவர்லேயின் சிறிய வி-8 இலகுவானது, சுழற்சிக்கு அஞ்சாதது. பெட்ரோல் ஒரு காலன் 30 சென்ட் அளவில் விற்ற காலத்தில் அதன் பசியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் ஆறு சிலிண்டர் மறையவில்லை. 1965இல் ஃபோர்டு கொண்டுவந்த 300 கன அங்குல, அதாவது 4.9 லிட்டர் இன்ஜின் இந்த வகையின் உச்சம் எனலாம். ஏழு முக்கிய பேரிங்குகள், செயினுக்குப் பதில் கியரால் சுழலும் கேம்ஷாஃப்ட், மிகக் குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவை. பிக்கப்பில் மட்டுமின்றி ஜெனரேட்டர்களிலும் தண்ணீர் பம்புகளிலும் உழைத்து, 1996 வரை உற்பத்தியில் இருந்தது.

எழுபதுகளின் பிக்கப்புகள் அறுபதுகளின் வண்டிகளைவிட அதிகம் குடித்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் ஈயம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டறிந்த ஈயச் சேர்மம் பெட்ரோலின் ஆக்டேனை உயர்த்தியது. அழுத்த விகிதமும் அதன் தயவில் ஏறியது. 1970இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தயாராக வேண்டியிருந்ததால், 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் அழுத்த விகிதங்களைக் குறைத்தது. புகையைக் கட்டுப்படுத்த தீப்பொறியின் நேரத்தைத் தாமதப்படுத்தினார்கள். குறைந்த சுமையில் தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் வாக்குவம் அட்வான்ஸ் கீழ் கியர்களில் வேலை செய்யாதபடி சில வண்டிகளில் தடுத்தார்கள். இவையெல்லாம் சேர்ந்து மைலேஜைக் கடித்தன. ஃபோர்டின் எஃப்-150 பிறந்ததே இந்த விதிகளின் விளிம்பில்தான். 6,000 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடை வரம்புள்ள வண்டிகளுக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தேவைப்பட்ட 1975இல், அந்த வரம்பை மட்டும் தாண்டும்படி அது வடிவமைக்கப்பட்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. 1974 ஜனவரியில் வேக உச்சவரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88 கி.மீ. ஆக்கப்பட்டது. ஓட்டுநர்களில் பலர் இதை வெறுத்தாலும் கணக்கு சட்டத்தின் பக்கமே இருந்தது. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 88இலிருந்து 100 கி.மீ.க்குப் போனாலே அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். செங்குத்தான முகமும் திறந்த பெட்டியும் கொண்ட பிக்கப்புக்கு இதன் வலி அதிகம். கார்களுக்கான மைலேஜ் விதி 1978 மாடல்களிலிருந்தும், இலகுரக டிரக்குகளுக்கானது 1979 மாடல்களிலிருந்தும் வந்தது.

நெருக்கடிக்கு டீசல் தீர்வாகத் தோன்றியது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் உண்டு, அழுத்த விகிதமும் உயர்வு. 1978இல் ஷெவர்லே பிக்கப்பில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் 5.7 லிட்டர் டீசலின் பிளாக் வலுவாகவே இருந்தது. ஆனால் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அமைப்பும் பெட்ரோல் இன்ஜினுடையதைப் போலவே விடப்பட்டன. டீசலின் அழுத்தத்தை அவை தாங்கவில்லை, கேஸ்கெட்டுகள் போயின. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் கருவியும் இல்லாததால் ஊசிப் பம்புகளும் கெட்டன. 1982இல் டீசலாகவே வடிவமைத்த 6.2 லிட்டர் இன்ஜின் பிக்கப்பில் அதன் இடத்தைப் பிடித்தது. 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ், டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் கொண்ட ஆறு சிலிண்டர். 160 குதிரைத்திறன்தான், இழுவையோ 540 நியூட்டன் மீட்டருக்கு மேல்.

இந்த இன்ஜின் போட்டிக்கு நடுவே, பெரிய சேமிப்பு சத்தமின்றி கியர்பாக்ஸிலிருந்து வந்தது. பெட்ரோல் இன்ஜின் குறைந்த சுமையில் வேகமாகச் சுழலும்போது, ஏறக்குறைய மூடிய த்ராட்டிலின் இடுக்கு வழியே காற்றை உறிஞ்சப் போராடுகிறது. உராய்வும் சுழற்சியோடு கூடுகிறது. அதே வேகத்தைக் குறைந்த சுழற்சியில், த்ராட்டிலை இன்னும் திறந்து பெற்றால் இரண்டு இழப்பும் குறையும். ஓவர்டிரைவின் தத்துவம் இவ்வளவே. கிரைஸ்லர் 1934இலேயே ஏர்ஃப்ளோ கார்களில் இதைக் கொடுத்திருந்தது. பெட்ரோல் மலிவாக இருந்த அறுபதுகளில் இது மெல்ல மறைந்து, 1980இல் ஃபோர்டின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலும் 1982இல் ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4இலும் திரும்பி வந்தது.

700ஆர்4இன் மேல் கியர் விகிதம் 0.70. அதை 3.73 கிரவுன் பினியனோடு சேர்த்தால், 28 அங்குல டயரில் 100 கி.மீ. வேகத்துக்கு 1,950 சுழற்சி போதும். முதலில் சொன்ன 3,070ஓடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. இன்ஜினைத் தொடாமல் கிடைப்பது இது. பழைய 3100இல் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூடிய குழாய்க்குள் இருப்பதால் கியர்பாக்ஸை மாற்றினால் பின் ஆக்சிலையும் சேர்த்து மாற்ற நேரும். அதற்கு மனமில்லாதவர்கள் 3.55 கிரவுன் பினியனை மட்டும் போட்டு 2,650 சுழற்சிக்கு வருகிறார்கள். இதிலும் அளவு தேவை. இன்ஜின் இழுவை தரும் சுழற்சிக்குக் கீழே இறங்கினால் வண்டி திணறும், ஏற்றத்தில் மிதிக்க வேண்டிவரும், சேமித்தது திரும்பப் போகும். தாழ்ந்த சுழற்சியிலேயே இழுக்கும் 300 ஆறு சிலிண்டர் உயரமான கியருக்கு மிகப் பொருத்தமாவது இதனால்தான்.

அடுத்து வருபவை சிறிய வேலைகள், ஆனால் மலிவானவை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு எடை காற்று வேண்டும். தேய்ந்த ஜெட்டும் ஆடும் த்ராட்டில் தண்டும் உள்ள கார்புரேட்டர் இந்த விகிதத்தைக் காப்பதில்லை. வாக்குவம் அட்வான்ஸைச் சரிசெய்வதும், பிளாட்டினம் பாயின்டுக்குப் பதில் எழுபதுகளின் எலக்ட்ரானிக் இக்னிஷனைப் பொருத்துவதும் ஒருநாள் வேலை. ரேடியல் டயரின் உருளும் தடை பழைய குறுக்கிழை டயரைவிடக் குறைவு. பின்கதவை இறக்கி ஓட்டினால் மிச்சமாகும் என்பது தவறு. மூடிய பெட்டிக்குள் சுழலும் காற்று, மேலே வரும் காற்று பின்கதவைத் தாண்டிப் போக உதவுகிறது.

இன்ஜினையே மாற்ற விரும்புவோர்க்கு இன்று வழிகள் பல. 1999 முதல் ஷெவர்லே பிக்கப்புகளில் வந்த 5.3 லிட்டர் வி-8, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்போடு பழைய சிறிய வி-8ஐவிடக் குறைவாகக் குடித்து அதிகத் திறன் தருகிறது. பழுதான வண்டிகளிலிருந்து எளிதாகக் கிடைப்பதால் அதுவே பரவலான தேர்வு. ரொட்டி வேன்களில் ஓடிய நான்கு சிலிண்டர் கம்மின்ஸ் 3.9 லிட்டர் டீசல் இன்னும் சிக்கனமானது. எடையும் அதிர்வும் சத்தமும் அதன் விலை. 2021இல் ஃபோர்டு 1978ஆம் ஆண்டு எஃப்-100 ஒன்றில் மின்சார மஸ்டாங்கின் இரு மோட்டார்களைப் பொருத்தி, 480 குதிரைத்திறனோடு காட்சிக்கு வைத்தது.

செலவைத் தீர்மானிக்குமுன் ஒரு கணக்கு உதவும். லிட்டருக்கு 4 கி.மீ. தரும் வண்டியை 6 ஆக்கினால் 1,000 கி.மீ.க்கு 83 லிட்டர் மிச்சம். 10 தரும் வண்டியை 13 ஆக்கினால் மிச்சம் 23 லிட்டர்தான். அதிகம் குடிக்கும் பிக்கப்பில் சிறு முன்னேற்றமும் காசாகிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கி.மீ. மட்டும் ஓடும் வண்டிக்குப் புது இன்ஜினின் விலையைப் பெட்ரோல் மிச்சத்தால் ஈடுகட்ட முடியாது. கியரும் இக்னிஷனும் கார்புரேட்டரும்தான் அங்கே முதலில் வர வேண்டியவை. இன்ஜின் பிரிக்கப்படும்போது புகை வால்வு அமரும் இடத்தில் கடினமான உலோக வளையங்களைப் போட்டுவிடுவதும் அவசியம். அந்த இடத்தைத் தேயாமல் காத்துவந்த ஈயம் 1996 ஜனவரி முதல் அமெரிக்கச் சாலை வண்டிகளின் பெட்ரோலில் கிடையாது. மாற்றுமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 அல்லது அதற்குப் பிந்தைய பிக்கப்பில் இன்ஜினை மாற்றினால், புது இன்ஜின் வண்டியின் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது, அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.