குடுமியான்மலை வட்டாரத்தின் கல்வட்டங்களும் மண்ணாகும் உடலும்

புதுக்கோட்டைக்கு மேற்கே, பாறைக் குன்றுகளும் கண்மாய்களுமாகக் கிடக்கும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டால் பெயர்பெற்றது எனினும், இறந்தோரை நிலத்திடம் ஒப்படைத்த முறைகளின் வரலாற்றுக்கும் அவ்வட்டாரம் சான்று தருகிறது. அருகிலுள்ள சித்தன்னவாசலில் இரும்புக்கால மக்கள் விட்டுச்சென்ற கற்பதுக்கைகள், அதாவது பலகைக் கற்களை நாற்புறமும் நட்டு மேலே மூடுகல் ஏற்றிய நிலவறைகள், கல்வட்டங்கள் சூழக் காணப்படுகின்றன. சுடுதல், வெளியே இடுதல், குழியில் படுத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என ஐவகை முறைகளைப் புகார் நகரத்துச் சுடுகாட்டை வருணிக்குமிடத்தில் மணிமேகலை அடுக்கிக் கூறுவதால், அம்முறைகள் ஒரே காலத்தில் அருகருகே வழங்கியதை உணரலாம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-இல் சட்டமாக்கிய ‘உடல் மண்ணாக்கம்’ அண்மையில் இவற்றோடு ஒப்பிடப்படுகிறது. சியாட்டில் நகர ரீகம்போஸ் நிறுவனத்தின் முறையில், மரச்சீவல், வைக்கோல், மாட்டுத்தீவனமாக நம் உழவர் அறிந்த குதிரைமசால் ஆகியவற்றோடு உடலைக் கலனில் வைத்துக் காற்றோட்டம் தருகின்றனர். நுண்ணுயிர்கள் பெருகித் தாமே வெப்பத்தை எழுப்ப, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உடல் சிதைகிறது. எஞ்சும் எலும்பை இயந்திரத்தால் பொடித்துக் கலந்து, மேலும் சில வாரங்கள் ஆறவிட்டால், சுமார் முக்கால் கன மீட்டர் மண் கிடைக்கிறது. (எருமுட்டை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசி எரியூட்டும் நம் ஊர் வழக்கிலும் வைக்கோல் உண்டு, அங்கே அதன் வேலை வேறு.)

முதுமக்கள் தாழியையே இதன் முன்னோடியாகக் காட்டும் ஆர்வம் பிழையானது. ஏனெனில் சுட்ட மண்கலத்தில் உடலையோ எலும்பையோ இட்டு, கறுப்பு-சிவப்புப் பாண்டங்களையும் இரும்புக் கருவிகளையும் உடன்வைத்து மூடியவர்கள், இறந்தவரைப் பேணவும் அவரது இடத்தை அடையாளப்படுத்தவுமே முயன்றனர். நெருங்கிய உறவு ‘இடுதல்’ முறைக்கே உண்டு. தமிழகப் பதுக்கைகள் பலவற்றில் முழு எலும்புக்கூடு இல்லாமல் சில எலும்புகள் மட்டுமே கிடைப்பதைக் கொண்டு, உடலை முதலில் வெளியில் விட்டுத் தசை நீங்கிய பின் எலும்பைத் திரட்டி அடக்கினர் என்று ஆய்வாளர் கருதுவர். இதுவே இரண்டாம்நிலை அடக்கம் எனப்படும். ஆயினும் அம்மக்கள் எலும்பைக் காத்தனர். மண்ணாக்கமோ அதையும் பொடித்து நிலத்தில் சேர்க்கிறது. இந்தியாவில் இம்முறைக்கெனத் தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.