பதிவேட்டில் ஏறாத இரவு: மியன்மாக் கூப்பு யானைகளின் ஆயுளும் மறுவாழ்வு விவாதமும்

வேலை யானைகளின் மறுவாழ்வு பற்றிய எழுத்துகளில் 41.7 என்ற எண் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று, ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுளை 18.9 ஆண்டு என்றும், மியன்மா அரசு மர நிறுவனத்தின் கூப்பு (காட்டில் மரம் வெட்டி இழுக்கும் பணி) யானைகளுடையதை 41.7 ஆண்டு என்றும் கணக்கிட்டது. இந்த இடைவெளியை ஆதாரமாக்கி ஒரு வாதமரபு வளர்ந்திருக்கிறது. பழக்கிய யானைக்கு உழைப்பு நல்லது, பாகனோடு வேலை பார்க்கும் யானை நெடுநாள் வாழும், ஆகவே அதை வேலையிலிருந்து பிரித்து மறுவாழ்வு மையத்தில் நிறுத்துவது மீட்பாகாது என்கிறது அது. மறுப்பவர்களும் வேலையைச் சுற்றியே நிற்கிறார்கள். அவர்களுக்கு வேலைதான் காயம். அதை நிறுத்துவதே சிகிச்சை. இரு தரப்பும் அந்த எண்ணைத் தவறாகப் படித்திருக்கின்றன என்பது என் துணிபு. ஆயுளைத் தீர்மானித்ததில் வேலைக்கு உள்ள பங்கு, அவர்கள் நினைப்பதைவிட மிகச் சிறியது.

ஆய்வு தரும் சான்றே இதைக் காட்டுகிறது. காட்சிசாலைக்கும் கூப்புக்கும் இடையிலான வேறுபாடு, யானை மரம் இழுக்கத் தொடங்கும் வயதில் தோன்றவில்லை. கன்றுப் பருவத்திலேயே தோன்றிவிடுகிறது. காட்சிசாலைக் கன்றுகளின் இறப்பு, கூப்புக் கன்றுகளின் இறப்பைவிடத் தெளிவாகவே அதிகம். மேலும், காட்சிசாலையில் பிறந்து வளர்ந்த ஆசிய யானைகள், காட்டிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்டவற்றைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தன. கேடு பிறப்பை ஒட்டியே விளைந்துவிடுகிறது என்று ஆய்வாளர்களே கருதினர். மியன்மாவிலோ கன்றை நான்கைந்து வயதில்தான் தாயிடமிருந்து பிரித்துப் பழக்குகிறார்கள். அதன்பின் சுமை தூக்கும் பருவம். கனமரம் இழுப்பது ஏறத்தாழ 17 வயதுக்குப் பிறகு. இரண்டு வயதுக் கன்று உயிரோடிருப்பதற்கு அது இன்னும் செய்யாத வேலையைக் காரணமாக்க முடியாது. தாயின் உழைப்பு கன்றுக்கும் வலுவூட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் சினை யானைக்குப் பாதிச் சினைக்காலத்திலிருந்து கன்றுக்கு ஒரு வயதாகும்வரை வேலையில்லை என்பது அங்குள்ள நடைமுறை.

வேலை இல்லையென்றால் வேறு எது? என் விடை, உறுதியாக நிறுவப்பட்டதாக அன்றி வலுவான கருதுகோளாகவே முன்வைக்கப்படுகிறது: பொழுது சாய்ந்தபின் யானை எங்கே இருக்கிறது என்பது. மியன்மாவில் வேலை நேரம் முடிந்ததும் முன்கால்களில் தளையிட்டு, கழுத்தில் மரமணி கட்டி, யானையைக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். தமிழகத்தில் தெப்பக்காட்டிலும் டாப்சிலிப்பிலும் கூப்பு நடந்த காலத்து வழக்கமும் இதுவே. மாலைக் கவளம் முடிந்ததும் காலில் நீண்ட இழுவைச் சங்கிலியோடு யானை காட்டுக்குள் போகும். விடிந்ததும் மாவுத்தனும் அவனுடைய உதவியாளான காவடியும் தேடிப் புறப்படுவார்கள். சருகில் சங்கிலி இழுபட்டுப்போன கோடு, ஒடித்துத் தின்ற மூங்கில், காலால் தொட்டுச் சூடு பார்க்கும் லத்தி ஆகியவை வழிகாட்டும். பிடித்துவந்து ஆற்றில் குளிப்பாட்டும்போது பாதம், நகக்கண், கண்ணோரம் எல்லாம் பார்த்த பிறகே ராகியும் கொள்ளும் வெல்லமும் சேர்ந்த கவளம். இரவெல்லாம் அது தன் தீனியைத் தானே தேர்ந்து தின்றிருக்கிறது, மண்ணில் நின்றிருக்கிறது, தன் கூட்டாளிகளோடு இருந்திருக்கிறது, காட்டுக் கொம்பனோடு சேர்ந்துமிருக்கலாம். முகாமில் பிறந்த கன்றுகள் பலவற்றுக்குத் தந்தை காட்டு யானைதான். தீனிக்கும் மருந்துக்கும் வேலைக்கும் கணக்கு உண்டு. யாரும் உடனிராத இந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கணக்கில் ஏறுவதில்லை. அதனால்தான் ஆய்விலும் தொலைந்துபோகிறது.

இதைச் சுதந்திரம் என்று நான் சொல்லவரவில்லை. தளை புண்ணாக்கும்; சங்கிலி வேரில் சிக்கும். கூப்பு வாழ்க்கையைப் போற்றுவோருக்கு 2018இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு போதுமான எச்சரிக்கை. மியன்மாவின் 5,000க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவை வைத்து, காட்டில் பிடிபட்டவை முகாமில் பிறந்தவற்றைவிட 3 முதல் 7 ஆண்டு குறைவாக வாழ்ந்தன என்று அது காட்டியது. பிடிபட்டதன் பாதிப்பு பத்தாண்டுவரைகூடத் தொடர்ந்தது. இரு சாராருக்கும் ஒரே வேலை, ஒரே பாகர்கள், ஒரே இரவு. இருந்தும் பிடிபட்ட காயம் ஆறவில்லை. என் கருதுகோளின் எல்லையும் இதுவே: காட்டிரவு பலவற்றைத் தாங்கிப் பிடிக்கும், எல்லாவற்றையும் ஆற்றிவிடாது. கன்றைப் பழக்கும் நான்கு வயதையொட்டி இறப்பு கூடுவதும் அதே பதிவுகளில் தெரிகிறது.

மியன்மாப் பதிவுகளே நம்பத்தக்கவையல்ல என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. உடலில் எண் சூடிட்டு, யானைக்கொரு ஏடாக மருத்துவர்கள் தலைமுறைகளாகப் பேணிய பதிவுகளை ஒதுக்கிவிட்டால், ஆசிய யானையின் ஆயுளைப் பற்றிப் பேச நம்மிடம் மிஞ்சுவது சொற்பமே.

மறுவாழ்வுக்கு இதனால் வருவது என்ன? தாய்லாந்து 1989இல் மரம் வெட்டத் தடை விதித்தபோது யானைகள் வேலையை இழந்தன. அதோடு காட்டையும் இழந்தன. பாங்காக் தெருக்களில் கரும்பு வாங்கித் தின்று பிழைத்த யானைகளைப் பற்றி எழுதியோர் வேலையிழப்பையே பேசினார்கள். காட்டிழப்புதான் பெரிய இழப்பு. தமிழகக் கோயில் யானைகளுக்கான நலவாழ்வு முகாம் 2003இல் தெப்பக்காட்டில் தொடங்கிப் பின்னர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டிக்கு மாறியது. கல்தளத்தில் ஆண்டெல்லாம் நிற்கும் யானைக்குப் பவானிக் கரை மண்ணும் பிற யானைகளின் அருகாமையும் கிடைத்தது பெரிய விஷயம். அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் அங்கே யானைகள் இரவில் கட்டப்பட்டிருந்தன, காட்டு யானை நெருங்காதிருக்க மின்வேலி இருந்தது. கூப்பு முகாம் திறந்துவைத்த கதவை நலவாழ்வு முகாம் அடைத்துவைத்தது. பாதுகாப்பு கருதி என்பது உண்மை, இழப்பு இழப்புதான்.

2008 ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, மீட்புப் பணியில் இருப்போர் அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்படுவது ஆசிய யானையின் இறப்பு வாய்ப்பைக் கூட்டியது. கொடுமையில் இருக்கும் யானையை மாற்றக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. மாற்றியே ஆகவேண்டிய யானைகள் உண்டு. ஒருமுறை, துணையோடு, திரும்ப மாற்றத் தேவையில்லாத இடத்துக்கு என்பதே இதிலிருந்து பெறப்படுவது. வழக்கு முடியும்வரை ஓரிடம், மையம் கட்டும்வரை இன்னோரிடம் என்று நகர்த்துவது அந்த யானையின் ஆயுளிலிருந்து எடுத்துச் செலவழிப்பதாகும்.

மறுவாழ்வு மையங்களின் தரத்தை இன்று ஏக்கராலும் மருத்துவமனையாலும் அளக்கிறோம். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. முகாமில் பிறந்ததா, காட்டில் பிடிபட்டதா. எத்தனை முறை கைமாறியது. பொழுது சாய்ந்தபின் சங்கிலியின் நீளம் என்ன. துதிக்கை எட்டும் தூரத்தில் வேறு யானை உண்டா. தீனியில் எவ்வளவு அது தானே தேடிக்கொண்டது: ஒவ்வொரு யானைக்கும் இவற்றைப் பதியத் தொடங்கினால்தான், மியன்மா ஏடுகளோடு வைத்துப் பார்க்கத்தக்க கணக்கொன்று இன்னும் இருபது ஆண்டுகளிலாவது நம்மிடம் இருக்கும்.