பொதிப் பரிசீலனை (டெபியன்)

கட்டற்ற இயங்குதளமொன்றின் மென்பொருட் களஞ்சியத்தில் சேர்ப்பதற்காகத் தன்னார்வலர்கள் சமர்ப்பிக்கும் பொதிகளை, அவை ஏற்கத் தகுந்தவைதாமா என்று பிறர் ஆராய்ந்து தீர்மானிக்கும் முறைமை பொதிப் பரிசீலனை எனப்படும். 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கியதும், எந்த முதலாளிக்கும் உடைமையாகாமல் இன்றளவும் தொண்டர்களாலேயே நடத்தப்பெறுவதுமான டெபியனில் இம்முறை விரிவாக வளர்ந்திருப்பதால், அதனையே இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

புதிய பொதியொன்றைச் செய்ய விரும்புகிறவர் அவ்வெண்ணத்தை வழுப் பதிவேட்டில் முன்னதாக அறிவித்து, மூல நிரலை டெபியனின் விதிகளுக்கு இணங்கக் கட்டி, லிண்டியன் என்னும் கருவி சுட்டும் பிழைகளைக் களைகிறார். களஞ்சியத்தில் ஏற்றும் அதிகாரம் அவருக்கு இல்லையெனில், அதிகாரம் பெற்ற டெவலப்பர் ஒருவர் அதைப் பார்வையிட்டுத் தம் மறையாக்கச் சாவியால் கையொப்பமிட வேண்டும். இதைச் சிபாரிசுக் கடிதமென்று எண்ணலாகாது. ஒப்பமிட்டவர் அப்பொதிக்குப் பிணை நின்றவராகிறார்.

அதன்பின் ‘நியூ’ என்னும் வரிசையில் பொதி காத்திருக்கிறது. சில நாட்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். நிலம் வாங்குகிறவன் விளைச்சலை விசாரிப்பதற்கு முன் தாய்ப்பத்திரத்தைக் கேட்பது போல, களஞ்சியக் காப்பாளர்கள் ஒவ்வொரு கோப்பும் யாரால் எழுதப்பட்டது, எந்த உரிமத்தின்கீழ் அளிக்கப்பட்டது என்பதையே பிரதானமாகத் துருவுகிறார்கள். 1997 ஜூலையில் ஏற்கப்பட்ட சமூக ஒப்பந்தமும், அதன் அங்கமான கட்டற்ற மென்பொருள் நெறிகளும் அவர்களுக்குப் பிரமாணம். எவரும் எக்காரியத்துக்கும் உபயோகிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பரப்பவும் சுதந்திரம் இருத்தல் வேண்டும் என்பது அந்நெறிகளின் சாரம். தமிழர் இதில் அடிக்கடி இடறுவதுண்டு. ‘இலவசமாக உபயோகிக்கலாம்’ என்ற ஒற்றை வரியோடு வெளியிடப்படும் தமிழ் எழுத்துரு, திருத்தும் உரிமையை வெளிப்படையாக அளிக்காத வரையில், எத்துணை அழகியதாயினும் பிரதானக் களஞ்சியத்துள் நுழையாது. திறந்த உரிமத்தோடு வந்த லோகித் தமிழ் எழுத்துருவோ அங்கே இடம்பெற்றிருக்கிறது. இக்கண்டிப்பை வறட்டுப் பிடிவாதம் என்பாரும் உளர். எமக்கு அது நியாயமாகவே தோன்றுகிறது.

தமிழ்நாட்டில், மரக்காணத்து உப்பளங்கள் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்துக்கும் டெபியன் அந்நியமன்று. மாவட்டத் தலைநகரில் 2023 ஜனவரி 28, 29 தேதிகளில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு டெபியனின் தமிழ்நாட்டுச் சிறு மாநாட்டை நடத்திற்று. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் கூடிற்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

‘நியூ’ வரிசையைக் கடந்த பொதி உடனே பொதுமக்களை அடைந்துவிடுவதில்லை. உப்பளத்து நீர் பாத்திக்குப் பாத்தி கடத்தப்பட்டு, உறைப்பேறிக் கடைசிப் பாத்தியில் உப்பாவது போல, அது முதலில் ‘சிட்’ என்னும் நிலையற்ற பதிப்பில் இறங்கி, கொடிய வழு எதுவும் எழாவிடின் சாதாரணமாக ஐந்து நாட்களுக்குப் பின் சோதனைப் பதிப்புக்குச் சென்று, ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வெளியாகும் நிலைப்பதிப்பில் இடம்பெறுகிறது.

இத்தனை காவலும் பூரணமானதன்று; ஏனெனில் காப்பாளர்களின் பரிசோதனை புதுப் பொதிக்கே உரியது, ஏற்கெனவே உள்ளே இருப்பதன் பிற்காலத் திருத்தங்கள் பெரும்பாலும் அக்கண்களுக்குத் தப்பிவிடும். 2006இல் மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், ஒரு சோதனைக் கருவி குறைகூறிற்றென்று பராமரிப்பாளர் நீக்கிய வரிகள், இரகசியச் சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கிவிட்டன. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறியும் வரை அது எவருக்கும் தெரியவில்லை. அது கவனக்குறைவு. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் பொதியில் நேர்ந்ததோ வஞ்சகம்: பல்லோர் பார்க்கும் நிரற் களஞ்சியத்தில் தீங்கை முழுவதுமாக வைக்காமல், அதைத் தூண்டிவிடும் பகுதியை வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் மறைத்து வைத்திருந்தார்கள். தொலை நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஐயுற்ற ஆந்திரெஸ் பிராயிண்ட் என்பவர் மார்ச் 29 அன்று அதை வெளிப்படுத்தினார். சிட்டிலும் சோதனைப் பதிப்பிலும் புகுந்திருந்த அத்தீங்கு நிலைப்பதிப்பை எட்டியிருக்கவில்லை. பழைய 5.4.5க்குத் திரும்ப முனைந்த டெபியன், எண் குறைந்த பதிப்பைக் கணினிகள் புதியதென்று ஏற்கமாட்டா ஆதலின், 5.6.1 என்னும் எண்ணையே முன்னே நிறுத்தி, ‘உண்மையில் 5.4.5’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பதிப்பெண்ணிலேயே பொறித்து அனுப்பிற்று.